வாரிசுரிமைச் சட்டமும் நம் குடும்பங்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை

  



நம் மஹல்லாவில் ஒருவர் மவ்த்தானால் குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், தொழவைத்தல், நல்லடக்கம் செய்தல் ஆகிய நான்கு கடமைகளையும் ஜமாஅத்து ஒரு குறையுமின்றி நிறைவேற்றுகிறது. சந்தூக் தூக்கத் தோள்கள் போட்டியிடுகின்றன. ஆனால் அந்த நான்கிற்குப் பின் ஐந்தாவதாக ஒரு கடமை உண்டு. மவ்த்தானவர் விட்டுச் சென்ற பொருளை, அல்லாஹ் யார் யாருக்கு எவ்வளவு என்று வகுத்தானோ அவ்வாறே அவரவரிடம் சேர்ப்பதே அது. அந்த ஐந்தாவது கடமையில் நாம் பின்தங்கியிருக்கிறோம். அதனால் எத்தனையோ குடும்பங்கள் நீதிமன்றப் படிகளில் நிற்கின்றன. இந்தச் சட்டம் எவ்வாறு வந்தது, இடைக்காலத்தில் எவ்வாறு மறுக்கப்பட்டது, எவ்வாறு மீண்டும் கிடைத்தது, கிடைத்த பின்னும் நாம் ஏன் பயன்படுத்தாதிருக்கிறோம் என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

இரு பெண்மக்களின் முறையீடு

அறியாமைக் காலத்து அரபு நாட்டில் வாளேந்திப் போர் செய்யக் கூடியவனுக்கே சொத்து என்பது வழக்கமாக இருந்தது. பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஒன்றும் இல்லை. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போரில் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுக்கு இரண்டு பெண்மக்கள். பழைய வழக்கப்படி ஸஅதுடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக் கொண்டார். விதவையான மனைவி அவ்விரு சிறுமிகளையும் அழைத்துக் கொண்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, பொருளின்றி இப்பிள்ளைகளுக்குத் திருமணம் எவ்வாறு நடக்கும் என்று முறையிட்டார். அதன்பின் வாரிசுரிமை பற்றிய வசனம் இறங்கியது. நாயகம் (ஸல்) அவர்கள் அச்சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கையும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக் கொள்ளுமாறு கட்டளையிட்டார்கள். 24 பங்காக்கினால் பெண்மக்களுக்கு 16, மனைவிக்கு 3, சகோதரருக்கு 5. திர்மிதி, அபூதாவூது ஆகிய நூல்களில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

சகோதரர்களே! இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தன் பிள்ளைகளின் பங்கைக் கேட்டு வந்த அப்பெண்மணியை, குடும்ப மானத்தைக் கெடுக்க வந்தவள் என்று எவரும் ஏசவில்லை. பங்கு கேட்பது பகை வளர்ப்பது என்னும் எண்ணம் பிற்காலத்தில் நாம் உண்டாக்கிக் கொண்டதாகும்.

வஸிய்யத்துக்கு எல்லை

ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றிருந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். தமக்கு ஒரே மகள் இருப்பதால், சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யலாமா என்று ஸஅது கேட்டார். கூடாது என்றார்கள். பாதி? அதுவும் கூடாது என்றார்கள். மூன்றில் ஒன்று? அதற்கு அனுமதித்து, அதுவே அதிகம்தான் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும்படி விட்டுச் செல்வதைவிடத் தன்னிறைவுள்ளவர்களாக விட்டுச் செல்வது மேல் என்றும் விளக்கினார்கள். மரண சாசனம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி இதிலிருந்து எழுந்தது. ஏற்கனவே பங்கு பெறும் வாரிசுக்கு வஸிய்யத்து இல்லை என்பதும் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையே. ஏனைய வாரிசுகள், மரணத்திற்குப் பின் மனமுவந்து சம்மதித்தாலன்றி அத்தகைய சாசனம் செல்லாது.

பங்கீட்டிலும் ஒழுங்குண்டு. முதலில் அடக்கச் செலவு. அடுத்துக் கடன். பிறகு வஸிய்யத்து. அதன்பின்னரே வாரிசுகளின் பங்கு. மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹர் கடனைச் சேர்ந்தது. கணவரின் ஜனாஸாவின் முன்னிலையில் “மஹரை மன்னித்துவிடு” என்று அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. கடனைத் தீர்ப்பதற்குப் பதிலாகக் கடன் கொடுத்தவரின் வாயை அடைக்கும் செயல் அது.

ஸஹாபாக்கள் காலத்தில் ஃபராயிள் ஒரு தனிக்கல்வியாயிற்று. ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அதில் தலைசிறந்து விளங்கினார்கள். மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டுச் சென்றவரின் சொத்தை எவ்வாறு பிரிப்பது என்று அலீ (ரலி) அவர்களிடம் மின்பரில் நிற்கும்போதே கேட்கப்பட்டது. 24-இல் பிரித்தால் 3, 16, 4, 4 எனக் கூட்டுத்தொகை 27 ஆகிவிடுகிறது. அவர்கள் சற்றும் தயங்காது, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று விடையளித்தார்கள். அதாவது ஒருவரை விலக்கி மற்றவருக்குக் கொடுக்காமல், எல்லோர் பங்கையும் சம அளவில் குறைத்தார்கள். “மின்பரிய்யா” என்று இக்கணக்கு இன்றும் மதரஸாக்களில் ஓதப்படுகிறது.

இந்திய நாட்டில்

ஆங்கிலேயர் வங்காளத்தின் ஆட்சியைக் கைப்பற்றிய பின், 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தில் வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டமே பொருந்தும் என்று கூறப்பட்டது. நீதிபதிகளுக்கு அரபி தெரியாது. எனவே ஹிதாயா 1791-இல் ஹாமில்டனாலும், வாரிசுரிமை பற்றிய ஸிராஜிய்யா 1792-இல் வில்லியம் ஜோன்ஸாலும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. நீதிமன்றங்களில் அமர்ந்து ஆலோசனை கூறி வந்த காஜிகள், முஃப்திகளின் பதவிகள் 1864-இல் நீக்கப்பட்டன. பின்னர் 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் முதலில் நம் சென்னை மாகாணத்திற்கென்றே வந்தது. ஆயினும் தீர்ப்பளிக்கும் அதிகாரம் எதையும் அது காஜிக்குத் தரவில்லை.

ஏட்டில் சட்டம் இருந்தும், வழக்காறு அதை வென்ற காலம் ஒன்றிருந்தது. 1847-இல் பம்பாய் உச்சநீதிமன்றத்தில் கோஜா, மேமன் சமூகங்களின் வழக்குகள் நீதிபதி எர்ஸ்கின் பெர்ரியின் முன் வந்தன. தந்தையின் சொத்தில் குர்ஆன் கூறும் பங்கைப் பெண்மக்கள் கேட்டனர். பெண்ணுக்குப் பங்கில்லை என்பது அச்சமூகங்களின் நெடுநாள் வழக்கம் என்று கூறி, நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை மறுத்தது. பஞ்சாபில் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் வழக்காற்றுக்கே முதலிடம் தந்தது. அங்கு நிலம் ஆண்வழியிலேயே சென்றது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த வடமலபாரில் மாப்பிள்ளாமார் பலர் மருமக்கத்தாய முறையைப் பின்பற்றினர். அங்கே தந்தை ஈட்டிய பொருள்கூட அவர் மனைவி மக்களுக்குச் சேராமல் தறவாட்டுக்குச் செல்லும் நிலை இருந்தது. 1918-ஆம் ஆண்டின் மாப்பிள்ளா வாரிசுரிமைச் சட்டம், சாசனமின்றி இறந்தவரின் சுயசம்பாத்தியத்தை ஷரீஅத்தின்கீழ்க் கொண்டு வந்தது.

இவையனைத்திற்கும் முடிவாக 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) அமலாக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வழக்காறு எதுவாயினும், சாசனமில்லாத வாரிசுரிமையில் ஷரீஅத்தே தீர்ப்பு என்று அது கூறியது. பெண்மக்களுக்கு இது பெரும் பேறு. எனினும் விவசாய நிலம் அன்று மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால் விலக்கி வைக்கப்பட்டது. நாட்டின் செல்வம் பெரும்பாலும் நிலமாக இருந்த காலத்தில் இது சிறிய விலக்கன்று. அக்குறையைச் சென்னை மாகாணம் 1949-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நீக்கியது. வேறு சில மாநிலங்களின் முஸ்லிம் பெண்கள் நெடுங்காலம் பெறாத உரிமையை நம் ஊர்ப் பெண்கள் 1949-லேயே பெற்றுவிட்டார்கள். நஞ்சை, புஞ்சை, தோப்பு, மனை அனைத்திலும் நம் சகோதரிகளுக்குச் சட்டப்படி பங்குண்டு. நம்மைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. அப்படியானால் தடுப்பது யார்?

நம் மஹல்லாக்களில்

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மகளுக்குத் திருமணத்தின்போதே வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. உள்நாட்டு ஊர்களில் நகையும் சீரும் கொடுக்கிறார்கள். “கொடுத்தாயிற்று, இனிப் பங்கென்ன?” என்று பிற்பாடு கேட்கிறார்கள். தந்தை உயிரோடிருந்து கொடுத்தது அன்பளிப்பு. அவர் மவ்த்துக்குப் பின் வருவது அல்லாஹ் விதித்த பங்கு. முன்னது பின்னதை அழிக்காது. தந்தை உயிரோடிருக்கும்போதே “எனக்குப் பங்கு வேண்டாம்” என்று எழுதிக் கொடுப்பதும் ஷரீஅத்தில் செல்லாது. இன்னும் உண்டாகாத உரிமையை எவரும் விட்டுக்கொடுக்க இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு பெண்மணி வந்தார். அவர் தந்தை மவ்த்தாகிப் பதினைந்து ஆண்டுகளாகியிருந்தன. அன்று மனைவி, மூன்று ஆண்மக்கள், இரண்டு பெண்மக்கள் என வாரிசுகள் ஆறு பேர். கணக்கு எளியது. 64 பங்கில் மனைவிக்கு 8, ஒவ்வொரு மகனுக்கும் 14, ஒவ்வொரு மகளுக்கும் 7. ஒரு மாலைப் பொழுதில் பேசி முடித்திருக்கலாம். யாரும் பேசவில்லை. மூத்தவர் கடையையும் வீட்டையும் வைத்துக் கொண்டார். பின்னர் தாயார் மவ்த்தானார். இரண்டாவது மகன் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு மவ்த்தானார். மூத்த மகள் கணவரையும் இரு பிள்ளைகளையும் விட்டு மவ்த்தானார். கையொப்பமிட வேண்டியவர்கள் பத்துப் பேராயினர். அவர்களில் இருவர் வளைகுடாவில் இருந்தனர். ஒரு பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை. மைனரின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். தாய் கையொப்பமிட்டால் போதாது. இதற்கிடையில் வீடு அடமானத்தில் இருந்தது.

அப்பெண்மணி நம்மைப் பார்த்துக் கேட்டார்: “ஹஜ்ரத், வாப்பாவோட நாப்பதாம் நாள் துஆவுக்கு நீங்கதானே வந்தீங்க. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

நம்மிடம் விடை இல்லை. அன்று நாம் துஆ ஓதினோம், உணவருந்தினோம், திரும்பினோம். துக்க வீட்டில் சொத்துப் பேச்செடுப்பது அழகல்ல என்று எண்ணியிருந்தோம். நம் மௌனத்தின் விலையை அக்குடும்பம் கொடுத்தது. இறுதியில் சட்டப் பணிகள் குழுவின் உதவியால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, அவருக்குரிய பங்கு பணமாகக் கிடைத்தது. ஆனால் அண்ணன் வீட்டுத் திருமணத்திற்கு இன்றும் அவர் அழைக்கப்படுவதில்லை. முதல் மாதத்திலேயே பிரித்திருந்தால் பணமும் கிடைத்திருக்கும், உறவும் நிலைத்திருக்கும்.

சட்டம் தரும் உதவி

வழக்குக்குப் பணமில்லையே என்று அஞ்சும் பெண்கள் ஒன்றை அறிய வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12-ஆவது பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வழக்கறிஞர் உதவி பெறத் தகுதியுள்ளவர்கள். நீதிமன்ற வளாகங்களில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ மாவட்ட ஆணைக்குழுவிலோ மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் ஆலோசனை கேட்கலாம். பாகப்பிரிவினை வழக்கில், சொத்தின் அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தம் பங்கின் மதிப்புக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். நகரத்து மனையின் இன்றைய மதிப்பில் அது சிறு தொகையன்று. சட்ட உதவி அந்தச் சுமையையும் தாங்குகிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடியும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானது. அதன்மீது மேல்முறையீடு இல்லை; செலுத்திய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். 2005-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்ட பின் அவ்வழியும் திறந்துள்ளது.

பத்திரங்களைப் பற்றியும் நம்மிடையே தவறான எண்ணங்கள் பல. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், வாரிசுகள் யார் என்று காட்டுமே தவிர யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதில்லை. வங்கிக் கணக்கில் பெயர் குறிக்கப்பட்ட நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டிய அமானிதக்காரர், உரிமையாளர் அல்லர். நிறுவனப் பங்குகள் குறித்தும் உச்சநீதிமன்றம் 2023-இல் இவ்வாறே கூறியது. பள்ளிவாசலில் அமர்ந்து வெள்ளைத்தாளில் எழுதிய பாகப்பிரிவினை, பதிவு செய்யப்படாவிட்டால் நாளை நீதிமன்றத்தில் சொத்துரிமைக்குச் சான்றாகாது. முஸ்லிமின் வஸிய்யத்துக்குப் பதிவு கட்டாயமில்லை, வாய்மொழியாகவும் செல்லும். எனினும் எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பம் பெற்று, பதிவும் செய்துவிட்டால் பிற்காலத்து வழக்குக்கு இடமிராது.

ஒரு மகனுக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டுச் செல்வோருக்கு ஒரு நினைவூட்டல். பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு ஓர் அன்பளிப்புச் செய்து, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். நாயகம் மறுத்த சாட்சிக் கையொப்பத்தை நம்மில் சிலர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தயங்காமல் இடுகிறோம்.

யத்தீமான பேரப்பிள்ளைகள்

வஸிய்யத்து மிகவும் தேவைப்படும் இடம் ஒன்றுண்டு. தந்தைக்கு முன்பே மகன் மவ்த்தாகி, வேறு ஆண்மக்கள் இருந்தால், மவ்த்தான மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் வாரிசுப் பங்கில்லை. இதைக் காட்டி ஷரீஅத்தைக் குறை கூறுவோர் உண்டு. ஆனால் அவர்கள் வாரிசுகளாக இல்லாததாலேயே மூன்றில் ஒரு பங்கு வரை அவர்களுக்கு வஸிய்யத்துச் செய்ய வழி திறந்திருக்கிறது. எகிப்து 1946-ஆம் ஆண்டின் சட்டத்தால் இத்தகைய வஸிய்யத்தைக் கட்டாயமாக்கியது. பாகிஸ்தான் 1961-இல் வேறு முறையில் அப்பிள்ளைகளுக்குப் பங்கு வழங்கியது. நம் நாட்டில் கட்டாயம் ஏதுமில்லை. எனவே பாட்டனாரின் பேனா ஒன்றே அந்த யத்தீம்களுக்கு நம்பிக்கை. நம் மஹல்லாவில் இந்நிலையிலுள்ள பெரியவர்கள் இந்த ஆண்டு முடிவதற்குள் அதை எழுதிவிட வேண்டும் என்று நாம் மன்றாடிக் கேட்டுக் கொள்கிறோம்.

ஜமாஅத்து செய்யக் கூடியது

நம் அதிகாரத்தின் எல்லையையும் நாம் உணர வேண்டும். ஃபத்வாவுக்குச் சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் 2014-இல் தெளிவுபடுத்தியது. எனவே எவரையும் ஊர்விலக்கு என்று மிரட்டவோ, நீதிமன்றம் செல்லாதே என்று தடுக்கவோ ஜமாஅத்துக்கு உரிமையில்லை. ஆனால் கணக்கிட்டுக் காட்டவும், இரு தரப்பையும் அமர வைத்துப் பேசவும், நல்ல வழக்கறிஞரிடம் வழிகாட்டவும் எந்தத் தடையும் இல்லை.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு நம் வேண்டுகோள் இது. மவ்த்து நிகழ்ந்த வீட்டிற்கு நாற்பது நாட்களுக்குள் ஓர் ஆலிமும் நிர்வாகி ஒருவரும் சென்று, கடன், மஹர், வஸிய்யத்து, வாரிசுகள் ஆகியவற்றை விசாரித்து, ஃபராயிள் கணக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும். அக்கணக்கின் ஒரு படி அவ்வீட்டுப் பெண்களின் கையிலும் தரப்பட வேண்டும். பேச்சுவார்த்தையில் அப்பெண்கள் தாமே பேசவோ, தமக்கு நம்பிக்கையானவரை அனுப்பவோ இடமளிக்க வேண்டும். உடன்பாடு ஏற்பட்டால் பதிவு அலுவலகம் வரை துணை நிற்க வேண்டும். ஏற்படாவிட்டால், பங்கு மறுக்கப்பட்டவரைச் சட்டப் பணிகள் குழுவிடம் நாமே அழைத்துச் செல்ல வேண்டும். இதற்குச் செலவு அதிகமில்லை. துணிவுதான் வேண்டும்.

பெண்மக்களின் பங்கை அன்று வழக்காறு மறுத்தது, சட்டம் மறுத்தது. இன்று சட்டம் கொடுக்கிறது. நம் வீட்டுத் திண்ணைதான் மறுக்கிறது. ஸஅது இப்னு ரபீஉடைய பெண்மக்களின் தாய் எந்த நம்பிக்கையோடு நபியின் சபைக்கு வந்தாரோ, அந்த நம்பிக்கையோடு நம் சகோதரிகள் பள்ளிவாசல் வரும் நாளை நாம் உண்டாக்க வேண்டும். இனி நாற்பதாம் நாள் துஆவுக்கு நாம் செல்லும் வீடுகளில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை என்று உறுதி கொண்டிருக்கிறோம்.

யா அல்லாஹ்! பிறர் பங்கை உண்பதிலிருந்து எங்கள் வயிறுகளைக் காப்பாயாக! எங்கள் மவ்த்துக்குப் பின் எங்கள் பிள்ளைகள் பகைத்துப் பிரியாதிருக்க அருள்வாயாக! உரியவருக்கு உரியதைச் சேர்க்கும் துணிவை இந்த ஜமாஅத்துக்குத் தருவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.